பராசக்தியின் குளிசைமணி

பண்டத்தரிப்பில் ஒரு மூலை வீட்டுக்குள் இருந்துகொண்டு உலகம் முழுக்க மணி அடித்தவன் சுபாஸ்கரன். சிரிக்காதேங்கோ. சிரிக்கிற கதையில்லை இது. இருந்து கேளுங்கோ.

அவனுடைய தாய் பராசக்திக்கு அறுபத்தாறு வயது. பிறஷரும் சீனியும் ஒன்றுக்கொன்று துணையாய் வந்து சேர்ந்திருந்தன. கண்ணும் மங்கல். காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டரை, பின்னேரம் ஏழு என்று மூன்று நேரம் மருந்துக் குளிசை. மனுசி ஒழுங்காய்ப் போட்டால்தானே! "போட்டனான்" என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுவாள். பிறகு பார்த்தால் குளிசை தலையணைக்குக் கீழே கிடக்கும். ஒருநாள் குசினியில் தலைசுற்றி விழுந்து நெற்றியில் நாலு தையல் போட்ட பிறகுதான், சுபாஸ்கரன் அவளுடைய போனில் பில்லோரா என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தான்.

பில்லோராவைச் செய்தவன் செக் நாட்டுக்காரன் ஒருவன், தோமாஸ். நேரத்துக்குக் குளிசையை நினைவுபடுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் தோமாஸ் தான் எழுதின நிரலைப் பூட்டி வைக்கவில்லை. ஆர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் தங்கள் பாசையில் போட்டுக்கொள்ளலாம். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. சுபாஸ்கரன் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கணினிக் கொம்பனியில் வேலை செய்கிறவன், பாதி நாள் வீட்டில் இருந்தே வேலை. ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் பில்லோராவைத் தமிழாக்கினான், பிழை பிடித்தான், திருத்தி அனுப்பினான். முப்பத்துநாலு வயதாகியும் மூன்று தரம் வந்த கலியாணப் பேச்சு மூன்று தரமும் குழம்பிப்போன ஆளுக்கு, உலகத்தின் நாலு மூலையில் இருந்தும் "நன்றி சுபாஸ்" என்று ஆக்கள் எழுதுவது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கோ.

அந்தச் செயலியில் ஒரு வசதி இருந்தது. மணிச் சத்தத்துக்குப் பதிலாய் ஒருவருடைய குரலைப் பதிந்து வைக்கலாம். வெறும் கீக்கீச் சத்தத்துக்குப் பராசக்தி அசையவில்லை. "உது கத்திப்போட்டுத் தானே நிக்கும்" என்று விட்டுவிடுவாள். அப்போதுதான் தகப்பன் அருளம்பலத்தைப் பிடித்து இருத்தினான் சுபாஸ்கரன்.

அருளம்பலம் வெங்காயத் தோட்டக்காரர். வாய் திறந்தால் காசு விழுந்துவிடும் என்பதுபோல் இருக்கிற மனுசன். ரொறன்ரோவில் இருந்து மகள் தனுசியா வீடியோவில் வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். போனில் கதைக்க மாட்டார், மேடையில் கதைக்க மாட்டார். கலியாண வீட்டு வீடியோக்களில் ஆள் வருவார். ஆனால் எங்கள் ஊர் வீடியோக்காரர்தான் தெரியுமே, கதைக்கிற சத்தத்தை எல்லாம் வெட்டிவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள்.

"மெசினுக்கு முன்னாலை இருந்து என்னத்தையடா கதைக்கிறது?" என்றார் அருளம்பலம்.

"அம்மாவுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ அப்பா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, அப்பதான் தனக்கெண்டு விளங்கும்."

பேரைச் சொல்லவோ! நாற்பத்தொரு வருசக் கலியாணத்தில் அந்த மனுசன் பெண்சாதியை "இஞ்சேரும்" என்று அல்லாமல் வேறு விதமாய்க் கூப்பிட்டு ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு தரம் செருமினார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்: "பராசக்தி, எட்டு மணியாச்சு. பிறஷர்க் குளிசையைப் போடும். தண்ணி கொஞ்சம் கூடக் குடியும்." குசினி வாசலில் நின்ற பராசக்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்கு ஒன்று, பின்னேரத்துக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு பதிந்தார்கள். கடைசியாய்ப் பதிந்ததில், "எங்கையடா இதை அமத்துறது?" என்று அவர் கேட்டதும் சேர்ந்து பதிந்துவிட்டது. அதை வெட்டிவிடுகிறேன் என்று சுபாஸ்கரன் சொன்னான். பராசக்தி விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நேரக் குளிசை தப்பவில்லை. அருளம்பலம் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும், போனில் அவர் குரல் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மனுசி எழும்புவாள். "ஓம் ஓம், போடுறன்" என்று போனுக்கு மறுமொழியும் சொல்லுவாள். மூன்று வருசம் இப்படிப் போனது.

பிறகுதான் தோமாஸ் பில்லோராவை விற்றான். விளம்பரம் போட்டுப் பிழைக்கிற ஒரு கொம்பனி, பேரை எழுதி என் பேனையை ஊத்தையாக்க விருப்பமில்லை, அதை வாங்கியது. வாங்கி மூன்று மாதத்துக்குள் குளிசை மணிக்கு முன்னால் விளம்பரம் வந்தது. பதிந்த குரலை வெளியே எடுத்து வைக்கிற பொத்தான், முந்திச் சும்மா இருந்தது, மாதச் சந்தா கட்டினால்தான் என்று ஆனது. நிரலையும் பூட்டிவிட்டார்கள்.

சுபாஸ்கரனுக்கு வந்ததே கோபம்! தோமாஸுக்கு எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினான்: "நீ விற்றது உன்னுடைய சொத்தை இல்லை. எங்களுடைய நம்பிக்கையை." தோமாஸ் இரண்டே வரியில் மறுமொழி போட்டான். தன் பிள்ளைக்கு நோய் வருத்தம் என்றும், தான் களைத்துப் போனதாகவும். சுபாஸ்கரன் அதற்குப் பதில் எழுதவில்லை.

ஆனால் திறந்து கிடந்த பழைய நிரலை ஆரும் பறிக்க முடியாதல்லவா? அதை எடுத்துப் புதுச் செயலி ஒன்றைக் கிளைவிட்டுக் கட்டினார்கள். பிரேசிலில் ஒரு பெண், போலந்தில் இரண்டு பேர், பண்டத்தரிப்பில் சுபாஸ்கரன். பழைய பேரைப் பாவிக்கச் சட்டம் விடாது. புதுப் பேருக்கு வாக்கெடுப்பு வைத்தபோது சுபாஸ்கரன் சொன்ன பேர்தான் வென்றது: சேவல். வெள்ளைக்காரரின் வாயில் அது என்னென்னவோ ஆகியது. ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க அவன் நிலத்தில் நடக்கவில்லை. "ஆடு மாடு ஒண்டும் அகப்படேல்லையோ?" என்று அருளம்பலம் கேட்டார். அந்த வருசத்தில் அவர் அடித்த ஒரே பகிடி அது.

பில்லோராவில் இருந்து சேவலுக்கு மாறுகிறவர்களுக்கு வழிகாட்டி எழுதினவனும் அவன்தான். இந்த இடத்தைக் கவனமாய்க் கேளுங்கோ. பழைய செயலி வேறு, புதியது வேறு. ஒன்றின் பெட்டிக்குள் மற்றது கை வைக்க முடியாது. அதனால் முதலில் பழையதில் இருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கவேண்டும். பிறகு சேவலைப் போட்டு, எடுத்ததை உள்ளே விடவேண்டும். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பழையதை அழிக்கவேண்டும். முதலே அழித்தால் உள்ளே இருந்த குரல் எல்லாம் அதோடு போய்விடும், பிறகு ஆண்டவன் வந்தாலும் எடுக்க ஏலாது. இதைச் சிவப்பு எழுத்தில், பெரிய எழுத்தில், முதல் வரியில் போட்டான். பதினெட்டுப் பாசையில் அது மொழிபெயர்க்கப்பட்டது.

தாயின் போனை அவன் அவசரப்பட்டு மாற்றவில்லை. அதில் கிடந்தது கொம்பனி கைவைக்க முந்திய பழைய பதிப்பு. தானாய்ப் புதுப்பிக்கிறதை நிற்பாட்டி வைத்திருந்தான். கூகிளுக்குப் பிரதி போகிறதையும் நிற்பாட்டியிருந்தான். "எங்கடை வீட்டுக் குரல் அவங்களுக்கு என்னத்துக்கு?" என்று அதில் ஒரு பெருமை. பொத்தானை ஒருதரம் அமத்தினால் மூன்று குரலும் வெளியே வந்துவிடும். சேவலில் குரலை உள்ளே விடுகிற பகுதியை அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான். அது முடியட்டும், அம்மாவை வடிவாய் மாற்றுவம் என்று இருந்தான். நாளைக்கு நாளைக்கு என்று நாலு மாதம் போனது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலமை தோட்டத்துக்குப் போன அருளம்பலம், கிணற்றுக் கட்டில் சாய்ந்து இருந்தபடியே செத்துப்போனார். நெஞ்சுவலி. கூப்பிடக்கூட இல்லை அந்த மனுசன். கூப்பிட்டுப் பழக்கமில்லை.

தனுசியா ரொறன்ரோவில் இருந்து வந்து சேரும்வரை பிரேதத்தை மூன்று நாள் வைத்திருந்தார்கள். செத்தவீட்டை வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கவேண்டும் என்று நேரலை போடுவது இப்போது எங்களுக்குள் பழகிப்போன விசயம். சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற குழு தாயின் போனில்தான் இருந்தது. ஆனால் வீடியோ விக்கி விக்கி வந்தது. செத்தவீட்டுக்கு முதல்நாள் பின்னேரம், வந்து இறங்கின தனுசியா, "உதென்ன அம்மாவின்ரை போன், ஒண்டும் புதுப்பிக்காமல் கிடக்குது" என்று சொல்லி, இருந்த எல்லாவற்றையும், பில்லோராவையும் சேர்த்து, ஒரே அமத்தில் புதுப்பித்துவிட்டாள். நல்லதுதான் என்று நினைத்துச் செய்தாள். சுபாஸ்கரன் அந்த நேரம் பந்தல்காரனோடு நின்றான்.

மற்றநாள் மத்தியானம். விறாந்தையும் முற்றமும் ஆக்கள். போனைக் கம்பியில் மாட்டிப் பிரேதப் பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ எல்லாம் அதற்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. சுண்ணம் இடிக்கிற சடங்கு நடக்கிற நேரம். குருக்கள் பாட்டை ஓத, உலக்கை உரலில் விழ, பெண்டுகள் அழுதபடி நின்றார்கள். சுபாஸ்கரன் தோய்ந்துவந்த ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பையோடு, கண்ணீர் வடிய நின்றான்.

பன்னிரண்டரை ஆனது.

போன் வீரிட்டது. குரல் இல்லை, பாட்டு. டப்பாங்குத்துப் பாட்டு, பெண்ணொருத்தி இடுப்பை வெட்டி வெட்டி ஆடி, ரம்மி விளையாட வாருங்கள் என்று கூப்பிடுகிற விளம்பரம். மூன்று நாளாய்ச் சத்தம் நிற்பாட்டிக் கிடந்து, அன்று நேரலைக்காக முழுச் சத்தத்தில் வைத்த போன். முற்றத்துக் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது. உலக்கை நின்றது. குருக்கள் நின்றார். தாய்வழி மாமன் செல்வநாயகம், ஊரில் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர் இல்லை, எழும்பிக் கத்தினார்.

"ஆரின்ரையடா உந்தப் போன்? செத்தவீட்டிலை கூத்தே ஆடுறியள்? பிரேதம் கிடக்குது, வெக்கமில்லையோ உங்களுக்கு?"

ஆரோ ஒரு இளந்தாரி சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பினான். சுபாஸ்கரன் பாய்ந்து போனைப் பிடுங்கினான். பின்னுக்குப் போகிற பொத்தானை அமத்தினான், விளம்பரம் போகவில்லை. சத்தத்தைக் குறைத்தான், குறையவில்லை. ஆடுகிறவள் ஆடிக்கொண்டே இருந்தாள். தகப்பனின் முகத்துக்கு முன்னால், ஊர் முழுக்கப் பார்க்க, வெளிநாடு முழுக்கப் பார்க்க. காது இரண்டும் கொதித்தது அவனுக்கு. முகப்புக்குப் போய், தர்ப்பை போட்ட விரலால் பில்லோராவின் அடையாளத்தை அமத்திப் பிடித்தான். அழிக்கட்டுமா என்று போன் கேட்டது. ஓம் என்றான்.

சத்தம் நின்றது. "அப்பாடா" என்று நெஞ்சுக்குள் ஒரு மூச்சு வந்ததை அவன் பிறகும் பிறகும் நினைத்துப் பார்த்தான். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் எல்லாம் போனது. விளம்பரம் முப்பது விநாடி. அது முடிய அந்தக் குரல் வந்திருக்கும்.

சுடலைக்குப் போகிற வழியில்தான் அவனுக்கு விளங்கியது. கொள்ளிக்குடம் தோளில். பறைச்சத்தம் முன்னால். நடந்துகொண்டிருந்த கால் அப்படியே நின்றது. "என்ன தம்பி, ஏலாமல் கிடக்குதோ?" என்று பக்கத்தில் வந்தவர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தான். குடம் உடைத்து, முகத்தைப் பாராமல் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். உடம்பை எரிக்க முந்தியே குரலை எரித்துவிட்டேனே என்று அவன் விம்மினது, தகப்பன் போன துக்கத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும்தான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்தது. லீவு முடிந்து தனுசியாவும் போய்விட்டாள். அதுவரை பராசக்தி போனைக் கேட்கவே இல்லை. குளிசையை மகள் எடுத்துக் கொடுக்க, பேசாமல் வாங்கிப் போட்டாள். மகள் போன மற்றநாள் காலமை, தலை இழுத்துச் சீவி, முகம் கழுவி, புருசன் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"தம்பி, என்ரை போனைத் தா. எட்டு மணியாகப் போகுது."

"என்னத்துக்கம்மா?"

"அந்தாளின்ரை குரலைக் கேக்கத்தான். ஆக்கள் எல்லாம் போகட்டும் எண்டு இருந்தனான். அவை இவையின்ரை முன்னாலை கேட்டு, நான் ஒப்பாரி வைக்க, எல்லாரும் வந்து பாக்க, அது எனக்கு வேண்டாம். நான் தனிய இருந்து கேக்கோணும்."

பத்து நாளாய்க் காத்திருந்திருக்கிறாள். தாகத்தில் கிடந்தவள் செம்பைத் தூக்கி வாயில் வைக்கிற நேரம் அது. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது இப்போது இலேசாய்த் தெரியும்.

"அது இல்லையம்மா. அந்தச் செயலியை வாங்கின கொம்பனிக்காரர்... அவங்கள் அழிச்சுப் போட்டாங்கள்."

"அழிச்சதோ? அவரின்ரை குரலையோ?"

"ஓம்."

"ஏன்? அவங்களுக்கு என்ன செய்தது அந்த மனுசன்?"

 பராசக்தி குளிசையை உள்ளங்கையில் எடுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். பிள்ளைகளைக்கூட ஒருநாள் கைநீட்டி அடித்தறியாத மனுசி அவள். அவளுக்குள் இவ்வளவு சொல் இருந்ததென்று அவனுக்குத் தெரியாது.

"நாசமறுவாங்கள். பாழ்பட்டுப் போவாங்கள். என்ரை மனுசன்ரை குரலை அழிச்ச அந்தக் கை அழுகிப் போகோணும். ஒரு வாய் சோறு அள்ளித் தின்ன ஏலாமல் போகோணும் அந்தக் கையாலை."

சொல்லிவிட்டுக் குளிசையை வாயில் போட்டு, தண்ணியைக் குடித்தாள்.

அன்றையில் இருந்து அதுவே வழக்கமாய்ப் போனது. மணி வேண்டியிருக்கவில்லை. காலை எட்டுக்கும், பன்னிரண்டரைக்கும், ஏழுக்கும் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையைச் சபித்தாள். சபித்து முடியத்தான் விழுங்கினாள். சுபாஸ்கரன் பக்கத்தில் தண்ணிக் கோப்பையோடு நின்றான். அதே கையில்தான் கோப்பை. சாப்பிட இருந்தால் சோறு இறங்கவில்லை. இரண்டாம் கிழமை அவனுடைய களிசான் இடுப்பில் நிற்கவில்லை. "அப்பாவை நினைச்சு உருகிறான் பிள்ளை" என்று தாய் முட்டை பொரித்து வைத்தாள்.

குரலை மீட்க அவன் படாத பாடில்லை. ரவுணில் தெரிந்த இரண்டு பேரிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினான். கையை விரித்தார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டுத் தோமாஸுக்குத் தனியாய் எழுதினான். ஒரு பாவனையாளர் அவசரத்தில் அழித்துவிட்டார், செத்துப்போன ஒருவரின் குரல், வழி இருக்கிறதா என்று.

தோமாஸ் உடனே பதில் போட்டான். "முதலில் வெளியே எடுத்து வைத்தாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் இல்லை, சுபாஸ். குரல்களை ஒருவரும் களவெடுக்கக் கூடாதென்று பூட்டி வைக்கும்படி நான்தான் எழுதினேன். செயலியை அழித்தால் அதைத் திறக்கிற திறப்பும் அழிந்துவிடும். அந்தப் பாவனையாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாய்ச் சொல். நான் விற்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நீ அன்றைக்கு எழுதினது சரிதான்."

சுபாஸ்கரன் அதை மூன்று தரம் வாசித்தான். தான் ஏசின மனுசனிடம் இருந்து மன்னிப்பு வந்தது; அதை வாங்குகிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தான். "அது நான்தான்" என்று எழுதி, அழித்து, "சொல்லுகிறேன்" என்று மட்டும் அனுப்பினான். தாயிடம் சொல்லுவம், இன்றைக்குச் சொல்லுவம் என்று ஒவ்வொரு காலமையும் எழும்பினான். எட்டு மணியாகும், அவள் சபிக்கத் தொடங்குவாள், அவன் தண்ணிக் கோப்பையை எடுத்துக் கொடுப்பான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்தது. செத்தவீட்டுத் துடக்கும் கழிந்தது. அதற்கு மூன்றாம் நாள் பராசக்தி விடிய வெள்ளெனத் தோய்ந்து, "தம்பி, என்னை வைரவரிட்டைக் கூட்டிக்கொண்டு போ" என்றாள்.

ஒழுங்கை முடிவில் சின்ன வைரவர் கோயில். ஊரில் களவு போனால், வேலியை அரக்கிக் காணி பிடித்தால், பொய்க் கேசு போட்டால், சனம் போய் முறையிடுகிற இடம் அது. வைரவர் விடமாட்டார் என்று எங்கள் ஆக்களுக்கு நம்பிக்கை. மண் அள்ளித் திட்டினால் அது போய்ச் சேருகிற இடத்துக்குச் சேரும். அதற்குத்தான் போகிறாள் என்று சுபாஸ்கரன் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டான்.

பூசை முடிந்து ஐயர் போய்விட்டார். வீதியில் ஒருவரும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பராசக்தி வாசலுக்கு நேரே நின்று, குனிந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளினாள்.

"வைரவா, உனக்குக் கண்ணிருந்தால் கேள். நாப்பத்தஞ்சு வருசத்திலை அந்த மனுசன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்தப் போனிலை மட்டுந்தான். அதை அழிச்சவனைச் சும்மா விடாதை. அந்தக் கை விளங்கக் கூடாது. அவன் நான் துடிக்கிற மாதிரித் துடிக்கோணும். அவனைப் பெத்தவள் என்னைப்போலை இருந்து..."

"அம்மா!" சுபாஸ்கரன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம் அம்மா. சொல்லாதேங்கோ. அவனைப் பெத்தவள் நீங்கள்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. மணல் கையில் இருக்க அவனைப் பார்த்தாள்.

அவன் சொன்னான். செத்தவீட்டில் பாட்டு வந்ததையும், மாமன் கத்தினதையும், எல்லோரும் பார்த்ததையும், தான் அமத்தினதையும். கொம்பனி அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன், வெட்கத்தில் அழித்தேன், உங்களுக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டு மணலில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை அப்படி அழுதான். அவள் தன்னை அடிக்கவேண்டும், ஏசவேண்டும், முகத்தில் மண்ணை எறியவேண்டும் என்று காத்திருந்தான்.

பராசக்தியின் கையில் இருந்து மணல் தன்பாட்டில் கொட்டியது.

"அப்ப நான் இவ்வளவு நாளும் உன்னையோடா திட்டினனான்?"

அவன் ஓமென்று தலையாட்டினான்.

"ஒரு நாளைக்கு மூண்டு தரம். மருந்து மாதிரி மூண்டு தரமெல்லோ திட்டினனான். ஐயோ, அழுகிப் போகச் சொன்னனே! சோறு தின்னக் கூடாது எண்டு சொன்னனே! நீ தின்னாமல் கிடந்தியேயடா, நான் சொன்னதெல்லோ பலிச்சிட்டுது!"

அவள் வாசலுக்கு ஓடினாள். பூட்டிக் கிடந்த கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அறியாமல் சொல்லிப்போட்டன், திருப்பி எடு வைரவா. ஒரு தாய் அறிஞ்சு சொல்லுவளே? அதெல்லாத்தையும் எனக்குத் தா, என்ரை கையிலை தா" என்று கெஞ்சினாள். பிறகு சீலையை வரிந்து கட்டிக்கொண்டு அடியழிக்கத் தொடங்கினாள். ஓரடி வைத்து, நெற்றி மண்ணில் முட்ட விழுந்து கும்பிட்டு, வைத்த அடியைக் கையால் அழித்து, எழும்பி, அடுத்த அடி. எங்கள் பெண்டுகள் பெரிய நேர்த்திக்குத்தான் அப்படிச் செய்வார்கள். கோயில் வீதி சுற்றிவர, கொதிக்கிற மணலில், பிறஷரும் சீனியும் இருக்கிற உடம்போடு. "அம்மா, எழும்புங்கோ, ஏலாது உங்களுக்கு" என்று அவன் பிடிக்கப் போனான். "தொடாதை, கணக்குத் தப்பும்" என்று தட்டிவிட்டாள். அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பின்னால் பின்னால் நடந்தான். அவன் செய்த பிழைக்கு அவள் விழுந்து எழும்பிக்கொண்டு போனாள்.

ஒரு சுற்று முடிய அவளால் ஏலவில்லை. வேப்பமர நிழலில் சாய்த்து இருத்தி, தண்ணி பருக்கினான். நெற்றி முழுக்க மணல். பழைய தையல் தழும்புக்கு மேலே தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"அம்மா, அப்பாவின்ரை குரல்..." என்று தொடங்கினான்.

"அதை விடு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எந்தக் கையாலையடா அமத்தினனி?"

அவன் வலது கையை நீட்டினான். பராசக்தி அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். மங்கல் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு விரலாய்ப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை அமத்திப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"உண்மையைச் சொல்லு. விறைப்பு ஏதும்?"

"இல்லையம்மா."

"மடக்கு பாப்பம்."

மடக்கினான்.

"விரி."

விரித்தான். "இன்னொருக்கா மடக்கு" என்றாள் பராசக்தி.